விருந்தும் நாளமும்

பங்குத் திருவிழா நாளில் காலைத் திருப்பலியும் இரவுத் தேர்ப்பவனியும் எவ்வளவு உறுதியோ, நண்பகல் பிரியாணியும் அவ்வளவு உறுதி. ஆம்பூரில் பெயர் பெற்ற அவ்வுணவு இன்று ஆரணி, சேத்துப்பட்டு, தேவிகாபுரம் என நம் வட்டாரத்து ஊர்கள் யாவற்றிலும் புகுந்து நிலைபெற்றுவிட்டது. முன்னாளில் கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புப் பெருவிழா, பங்குத் திருவிழா, வீட்டுத் திருமணம் ஆகிய நாள்களில் மட்டுமே நெய்யும் இறைச்சியும் கண்ட இல்லங்களில் இன்று ஞாயிறுதோறும் அவை மணக்கின்றன. வறுமை ஓரளவு நீங்கியதன் அடையாளம் என்ற முறையில் நாம் இதற்கு மகிழவே வேண்டும். கானாவூர்த் திருமணத்தில் நம் ஆண்டவரே விருந்தினராக அமர்ந்திருந்தார். ஆதலால் விருந்தைப் பழிப்பது நம் நோக்கமன்று.

ஆயினும் இத்திங்கள் ஒரு வினாவை எடுத்துக்கொள்கிறோம். பந்தி முடிந்து, கை கழுவி, வெற்றிலை மென்று, திண்ணையில் சாய்கிறோமே, அப்பொழுது நம் இரத்த நாளங்களில் என்ன நிகழ்கிறது? அவ்வேளையில் பீட்ரூட் சாறு போன்ற காய்ச்சாறுகள் நாளங்களுக்குத் துணை செய்யும் என்று இந்நாளில் பலரும் பேசிக்கொள்கின்றனரே, அதில் உண்மை எவ்வளவு? உண்மை சிறிது உண்டு. அதைப் பெரிதாக்கிக்கொள்வதால் வரும் கேடும் உண்டு. இரண்டையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

முதலில் நாளம் என்பது யாது என்று காண்போம். அதனை ஒரு இரப்பர்க் குழாயைப் போல எண்ணுவோர் பலர். அவ்வாறன்று. நாளம் உயிருள்ள குழாய். அதன் சுவரில் தசை உண்டு; அத்தசை இறுகினால் நாளம் சுருங்கும், தளர்ந்தால் விரியும். சுவரின் உட்புறத்தில், ஓடும் இரத்தம் நேரே உராயும் இடத்தில், ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று உண்டு. நம் ஊர்த் தறியில் நெய்யப்படும் எந்தப் பட்டும் அதன் மென்மைக்கு ஈடாகாது.

நெடுங்காலமாக மருத்துவர்கள் இப்படலத்தை வெறும் உறை என்றே கருதி வந்தனர். 1980-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரைச் சேர்ந்த இராபர்ட் ஃபர்ச்காட் என்னும் அறிஞர் அக்கருத்தை மாற்றினார். முயலின் பெருநாளத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளில் ஒரு மருந்தை ஊற்றி அவர் ஆய்ந்து வந்தார். அம்மருந்து சில துண்டுகளைத் தளரச் செய்தது. சிலவற்றைத் தளரச் செய்யவில்லை. காரணத்தைத் தேடியபொழுது, கையாளுகையில் உட்படலம் தேய்ந்துபோன துண்டுகளே தளரவில்லை என்பது புலப்பட்டது. ஆகவே தசைக்குத் தளர்வாயாக என்று ஆணை அனுப்புவது அந்த மெல்லிய படலமே என்று தெளிந்தது. அவ்வாணையைச் சுமந்து செல்வது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது அதே பத்தாண்டில் உறுதிப்பட்டது. இக்கண்டுபிடிப்புகளுக்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவர்க்கும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. நோபல் பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபல், நைட்ரோகிளிசரின் என்னும் பொருளைக் கொண்டு டைனமைட் வெடியைச் செய்து செல்வம் ஈட்டியவர். தம் வாழ்வின் இறுதியில் அவர் இதயநோயால் வருந்தியபொழுது மருத்துவர்கள் அவருக்கு எழுதித் தந்த மருந்தும் அதே நைட்ரோகிளிசரினே. அது உடலினுள் நைட்ரிக் ஆக்சைடை வெளிப்படுத்தியே நாளங்களை விரிக்கிறது என்பது அவர் காலத்தில் எவர்க்கும் தெரியாது. இன்றும் நெஞ்சுவலி வந்தவர்க்கு நாக்கின் அடியில் வைக்கக் கொடுக்கும் மாத்திரை அந்த வகையைச் சேர்ந்ததே. நம் இல்லங்கள் சிலவற்றில் அம்மாத்திரைச் சிமிழ் செபமாலையின் அருகிலேயே இருக்கக் காண்கிறோம்.

இனி விருந்துக்கு வருவோம். கொழுப்பு மிகுந்த உணவு குடலில் செரித்ததும், கொழுப்பு நுண்துகள்களாக இரத்தத்தில் கலக்கிறது. மூன்று நான்கு மணி நேரத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. அவ்வேளையில் நாளத்தின் உட்படலம் தொல்லைக்கு உள்ளாகிறது. அது தரும் நைட்ரிக் ஆக்சைடின் ஒரு பகுதி தசையை எட்டும் முன்னரே அழிகிறது. ஆணை போய்ச் சேராமையால் நாளம் விரிய வேண்டிய வேளையில் நன்கு விரிவதில்லை.

இதனை அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர்கள் 1997-இல் அளந்து காட்டினர். நலமான உடலுடைய பத்துப் பேரை அவர்கள் தேர்ந்துகொண்டனர். கைக்குப் பட்டை கட்டிச் சில நிமிடங்கள் இரத்த ஓட்டத்தை நிறுத்திப் பின் தளர்த்தினால், கையின் நாளம் தானாகவே விரியும். எவ்வளவு விரிகிறது என்பதை ஒலியலைக் கருவியால் காணலாம். உணவுக்கு முன் 21 விழுக்காடு விரிந்த நாளம், 50 கிராம் கொழுப்புள்ள உணவை உண்டு இரண்டு மணி நேரம் சென்றபின் 11 விழுக்காடே விரிந்தது. நான்காம் மணியிலும் அதே தளர்ச்சி நீடித்தது. அதே அளவு ஆற்றல் தரும், ஆனால் கொழுப்பில்லாத உணவை உண்ட நாளிலோ இத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை.

ஒருவேளை உண்ட விருந்தால் மாரடைப்பு வந்துவிடுமோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. நலமான உடலில் இத்தளர்ச்சி சில மணி நேரத்தில் நீங்கிவிடும். ஆனால் மாலைத் தளர்ச்சி நீங்குமுன் இரவு உணவுக்குப் பரோட்டாவும், மறுநாள் காலையில் மிஞ்சிய குழம்பும், நண்பகலில் மீண்டும் வறுவலும் என்று தொடர்ந்தால், உட்படலம் ஓய்வு பெறுவது எப்பொழுது? ஆண்டுக்கணக்கில் அவ்வாறு நேர்ந்த தளர்ச்சியே நாளச் சுவரில் கொழுப்புப் படிவதற்கு முதற்படி என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். வெள்ளிக்கிழமை ஒறுத்தலைக் கைவிட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்தை மட்டும் பெருக்கிக்கொண்ட குடும்பங்கள் இதனைச் சிந்திக்கட்டும்.

இங்குதான் காய்ச்சாற்றின் கதை தொடங்குகிறது. பீட்ரூட், முள்ளங்கி, பசலைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவை மண்ணிலிருந்து நைட்ரேட் என்னும் உப்பை மிகுதியாக உறிஞ்சித் தம்முள் சேர்த்து வைக்கின்றன. அதை நாம் உண்டால் அது குடல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. பின்னர் நிகழ்வது படைப்பின் வியத்தகு ஏற்பாடு. இரத்தத்தில் சேர்ந்த நைட்ரேட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஈர்த்து மீண்டும் வாய்க்கே கொண்டு வருகின்றன. நாவின் பின்புறத்தில் குடியிருக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உமிழ்நீரோடு அதனை விழுங்குகிறோம். அது வயிற்றிலும் இரத்தத்திலும் நைட்ரிக் ஆக்சைடாக மாறி நாளங்களைத் தளர்த்துகிறது. உட்படலம் சோர்ந்திருக்கும் வேளையிலும் இவ்வழி அடைபடுவதில்லை. பெருவழி சேறாகும்பொழுது ஊர் மக்கள் வரப்பின் மேல் நடந்து செல்வதில்லையா? அதைப் போன்றது இது.

இலண்டன் மருத்துவர்கள் 2008-இல் இதனைத் தெளிவாக மெய்ப்பித்தனர். நலமுள்ளோர்க்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்தபொழுது, இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் மேல் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் குறைந்தது. ஆனால் சாறு பருகியபின் உமிழ்நீரை விழுங்காமல் துப்பச் செய்தபொழுது அப்பயன் கிட்டவில்லை. வாய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துநீரால் நாள்தோறும் கொப்பளிப்போர்க்கும் இவ்வழி அடைபடும் என்பது பிற ஆய்வுகளால் விளங்கியுள்ளது. மருத்துவர் சொன்னாலன்றி அத்தகைய நீரை வழக்கமாக்கிக்கொள்ளுதல் வேண்டா. நம் முன்னோர் வேலங்குச்சியால் பல் துலக்கி, நன்னீரால் கொப்பளித்து, மெல்ல மென்று உண்டனர்.

விருந்தோடு இச்சாற்றைப் பருகினால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்து நாட்டின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தார் 2013-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். உடற்பருமன் சிறிது மிகுந்த இருபது ஆடவர் அதில் பங்கேற்றனர். அவர்கள் ஒரு நாள் 140 மில்லிலிட்டர் பீட்ரூட் சாற்றுடனும், மற்றொரு நாள் வேறொரு பானத்துடனும், 50 கிராமுக்கு மேல் கொழுப்புள்ள உணவை உண்டனர். மாற்றுப் பானம் பருகிய நாளில் இரண்டு மணி நேரத்துக்குப்பின் நாளம் விரியும் திறன் சராசரியாக 1.56 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. பீட்ரூட் சாறு பருகிய நாளில் குறைந்ததோ 0.37 புள்ளி மட்டுமே. ஒரு சிறு குவளைச் சாறு, விருந்தின் தீங்கில் பெரும்பகுதியை அவ்வேளையில் தாங்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

இதனைப் படித்ததும், இனிக் கவலை இல்லை, ஒரு குவளைச் சாறு குடித்துவிட்டு இரு தட்டு பிரியாணி உண்ணலாம் என்று மகிழ்வோர் நம்மிடையே உண்டு! அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம். ஆய்வில் பங்கேற்றோர் இருபதின்மரே; அளந்ததும் ஒரு வேளை உணவின் பின் சில மணி நேரமே. சாறு இரத்தத்தில் உள்ள கொழுப்பைக் கரைக்கவில்லை. உடல் எடையைக் குறைக்கவில்லை. நாளத்தில் முன்னரே படிந்த அடைப்பை நீக்கவில்லை. மழை பெய்யும்பொழுது குடை பிடித்தால் நனையாமல் போகலாம். ஆனால் ஒழுகும் கூரையைக் குடை சீர்ப்படுத்தாது.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் அறிவுக்கு எட்டிய ஒரு குடும்பத்தின் நிலையைப் பெயரும் தெருவும் குறிக்காமல் உரைக்கிறோம். குடும்பத் தலைவர் பட்டு நெசவாளர், ஐம்பதை எட்டாதவர், இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரை உண்டு வந்தவர். பீட்ரூட் சாறு இரத்த அழுத்தத்தை அடியோடு போக்கிவிடும் என்று கைபேசியில் வந்த செய்தியை நம்பி, நாள்தோறும் காலையில் ஒரு குவளை பருகத் தொடங்கினார். அளந்து பார்த்தபொழுது அழுத்தம் சற்றே குறைந்திருந்தது. உடனே மாத்திரையை நிறுத்திவிட்டார். வேலை மிகுந்த முகூர்த்தக் காலம் வந்தது. சாறு பிழிய நேரமின்றி அதுவும் நின்றது. ஒரு விடியற்காலையில் தறிக்குழியில் இறங்கி அமர்ந்தவருக்கு வலக்கை நாடாவை எறிய மறுத்தது, வாய் குழறியது. இன்று அவர் ஊன்றுகோலின் துணையால் நடக்கிறார். பாதி நெய்த சேலையை அவருடைய மனைவியும் மகளும் முடித்துக் கொடுத்தனர்.

சாறு அவரை ஏமாற்றவில்லை. அது தன்னால் இயன்றதைச் செய்தது. அதனிடம் அதன் ஆற்றலுக்கு மேற்பட்டதை எதிர்பார்த்ததே கேடாயிற்று. 2015-இல் இலண்டனில் இரத்த அழுத்த நோயாளர் 64 பேரைக் கொண்டு நான்கு வாரம் நடந்த ஆய்வு இதனை விளக்கும். நாள்தோறும் கால் லிட்டர் பீட்ரூட் சாறு பருகியோர்க்கு மேல் அழுத்தம் சராசரியாக 8 மில்லிமீட்டர் அளவு குறைந்தது. அவர்களுள் மாத்திரை உண்டு வந்தோர் அதனை நிறுத்தவில்லை, சாற்றைச் சேர்த்துக்கொண்டனர். சாற்றை நிறுத்திய இரண்டு வாரத்துக்குள் அழுத்தம் பழைய நிலைக்கே திரும்பியது. ஆகவே இது மாத்திரைக்குத் துணையே அன்றி மாற்று ஆகாது.

இது நகரத்தார் கவலை, உழைக்கும் நமக்கு என்ன என்று கிராமத்தார் எண்ணலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தோர் வேலூர் நகரிலும் கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களிலும் 1991 முதல் 1994 வரை ஒருமுறையும், 2010 முதல் 2012 வரை மறுமுறையும் மக்கள் உடல்நலத்தைக் கணக்கெடுத்தனர். இடைப்பட்ட காலத்தில் நீரிழிவு நோய் நகரில் ஏறத்தாழ இரு மடங்காகவும், கிராமங்களில் ஏறத்தாழ மூன்று மடங்காகவும் பெருகியிருந்தது. இரத்த அழுத்த நோயும் இரு இடத்தும் மிகுந்திருந்தது. அக்கிராமங்கள் நம் ஊர்களைப் போன்றவையே. மேலும் நெசவாளர் உழைப்பு கடினமான உழைப்பே எனினும், அது அமர்ந்த இடத்து உழைப்பு. காலையில் குழியில் இறங்கியவர் பொழுது சாயும் வரை நடப்பது அரிது. மிதிபலகையை மிதிக்கும் கால் உழைக்கிறது. ஆயினும் அது வயலில் நடக்கும் காலுக்கு ஈடாகாது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? சிலவற்றைக் கூறுகிறோம்.

விலையுயர்ந்த புட்டிச் சாறு எதுவும் வேண்டா. இரண்டு மூன்று பீட்ரூட்டைத் தோல் சீவித் துருவி, சிறிது நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் ஒரு குவளை கிடைக்கும். சர்க்கரை சேர்த்தல் கூடாது. அதை விருந்தோடோ, சற்று முன்னரோ பருகலாம். பிழியும் அலுப்பு உடையோர் பிரியாணிக்குத் துணையாக வைக்கும் வெங்காயப் பச்சடியோடு, பீட்ரூட்டோ முள்ளங்கியோ துருவித் தயிரில் கலந்து மற்றொரு பச்சடியும் வைக்கட்டும். நாரும் உடன் சேர்வதால் இது ஒருவகையில் சாற்றினும் நன்று.

நாள்தோறும் உணவில் கீரை இருத்தல் வேண்டும். கீரையைக் கொதிக்க வைத்து நீரை வடித்துக் கொட்டினால் நைட்ரேட்டின் பெரும்பகுதி அந்நீரோடே போய்விடும். ஆகவே அளவான நீரில் வேகவைத்து, அந்நீரையும் சேர்த்தே கடைய வேண்டும். சமைத்த கீரையை வெளியே வைத்து மறுநாள் உண்ணுதல் தகாது. நுண்ணுயிர்கள் பெருகி, அதிலுள்ள நைட்ரேட்டைக் கலத்திலேயே நைட்ரைட்டாக மாற்றிவிடும். பழைய கீரையை உண்ணாதே என்று பாட்டிமார் சொன்னதில் பொருள் இருந்தது.

சிலர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பீட்ரூட்டிலும் கீரைகள் பலவற்றிலும் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி; சிறுநீரகக் கல் உடையோர்க்கு அது ஆகாது. சிறுநீரகம் பழுதுற்றோர்க்குப் பீட்ரூட்டில் உள்ள பொட்டாசியமும் தீங்கு செய்யும். நீரிழிவு உடையோர் சாற்றை விடுத்துக் கீரையையும் முள்ளங்கியையும் கொள்வது நலம். இரத்த அழுத்தம் இயல்பாகவே தாழ்ந்திருப்போர்க்குச் சாறு மயக்கம் தரலாம். நெஞ்சுவலிக்கு மாத்திரை வைத்திருப்போர் மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் பருகுதல் வேண்டா. ஆறு திங்கள் நிரம்பாத குழந்தைக்குக் கீரைச் சாறோ பீட்ரூட் சாறோ கொடுத்தலே கூடாது. நைட்ரைட் குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யும். உரம் மிகுதியாக இடும் வயல்களின் நடுவே உள்ள கிணற்று நீரிலும் இதே ஆபத்து உண்டு. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள நீர் குடிப்பதற்கு ஏற்றதன்று என்பது இந்தியத் தர அளவு. சாறு பருகியபின் சிறுநீர் சிவந்தால் இரத்தமோ என்று அஞ்ச வேண்டா. அது பெரும்பாலும் பீட்ரூட்டின் நிறமே. சாற்றை நிறுத்தியபின்னும் நிறம் மாறாவிடில் மருத்துவரிடம் காட்டுக.

எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்து உண்ட நாளில் உடனே படுக்காமல் சிறிது நேரம் நடவுங்கள். அன்றிரவு உணவை எளிதாக்கிக்கொள்ளுங்கள். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். மாத்திரை எழுதித் தரப்பட்டிருந்தால், அதனை எழுதித் தந்தவரே நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள். இதில் இல்லத்தரசியரின் கடமை பெரிது. கணவருடைய மாத்திரைச் சிமிழில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று அவர்கள் கிழமைக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே போதும். பல வீடுகளில் தறி ஓசை நிற்காமல் காக்கலாம்.

வரும் ஞாயிறு உங்கள் வீட்டில் பிரியாணி வேகட்டும். அருகிலேயே ஒரு கிண்ணத்தில் பீட்ரூட் பச்சடியும் இருக்கட்டும். ஒரு தட்டோடு எழுந்து, மிஞ்சியதை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்புங்கள். இரவில் மறவாமல் மாத்திரையையும் உட்கொள்ளுங்கள்.